மெய்யெழுத்தின் புள்ளி தெரிகிறதா? ஜூம் லென்ஸில் டெலிகன்வெர்டரைச் சோதிப்பது

‘டிசி’ என்றால் நம் ஊரில் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்போது கையில் கொடுத்தனுப்பும் சான்றிதழ்தான். பறவைப் படம் எடுக்கிறவர்கள் நடுவில் அதே இரண்டெழுத்து, லென்ஸின் எட்டத்தைக் கூட்டும் துணைக் கண்ணாடியான டெலிகன்வெர்டரைக் குறிக்கும். அங்கேயும் அதன் கதி ஏறக்குறைய அதுவேதான். வாங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, ‘படம் சாஃப்டா வருது’ என்று சொல்லி வெளியே அனுப்பிவிடுவார்கள். பாதி விலைக்கு விற்பனைக்கு வரும் டெலிகன்வெர்டர்களில் பல, விசாரணையே இல்லாமல் தண்டனை வாங்கியவை என்பது என் சந்தேகம்.

வட சென்னையில் தூரத்துக்குப் பஞ்சமில்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் கூழைக்கடா நமக்காகக் கரையோரம் வந்து நிற்காது. கொசஸ்தலை ஆற்றின் நடுத்திட்டில், அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளுக்கு முன்னால், சின்ன வெள்ளைப் பொட்டாக உட்கார்ந்திருக்கும். பழவேற்காட்டுப் பூநாரைகள் அதைவிடத் தூரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தையொட்டி எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, கூழைக்கடாக்களின் இறகில் கறை படிந்தது. அந்த மாதிரி நேரத்தில் படம் அழகாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இறகில் கருப்பாகத் தெரிவது எண்ணெயா, நிழலா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறதா என்பதுதான் பேச்சு. 400 மி.மீ. ஜூமோடு கரையில் நிற்கிறவனுக்கு 1.4 மடங்கு டெலிகன்வெர்டர் மேல் ஆசை வருவது அங்கேதான்.

டெலிகன்வெர்டர் செய்வது ஒரே ஒரு வேலை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, லென்ஸ் உருவாக்கிய பிம்பத்தின் நடுப்பகுதியை எடுத்துச் சென்சார் முழுக்க விரிக்கிறது. உள்ளே இருப்பது ஒளியைச் சற்று விலக்கி அனுப்பும் கண்ணாடிக் கூட்டம். தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு இது பழைய சங்கதி. கணித அறிஞர் பீட்டர் பார்லோவின் பெயரால் அவர்கள் ‘பார்லோ லென்ஸ்’ என்று சொல்வதும் இதே தத்துவம்தான். லென்ஸ் தராத நுணுக்கத்தை டெலிகன்வெர்டர் புதிதாக உண்டாக்காது. லென்ஸ் தந்ததைப் பெரிதாக்கும். லென்ஸின் குறையையும் கூடவே பெரிதாக்கும்.

வெளிச்சம் குறைவதற்கு ஒரு கரண்டி தோசை மாவு போதும் விளக்க. அதே மாவை 1.4 மடங்கு அகலமாக இழுத்தால் தோசையின் பரப்பு இரண்டு மடங்காகிறது, தடிமன் பாதியாகிறது. அதனால்தான் 1.4 போட்டால் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சம், போகிறது; லென்ஸின் திறப்பைச் சொல்லும் எஃப் எண்ணில் எஃப்/5.6 என்பது எஃப்/8 ஆகிறது. 2 மடங்கு போட்டால் பரப்பு நான்கு மடங்கு, இரண்டு ஸ்டாப் நஷ்டம், எஃப்/11.

இங்கிருந்துதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. டெலிகன்வெர்டர் போட்ட படத்தைக் கணினியில் 100 சதவீதத்தில் திறக்கிறோம். போடாமல் எடுத்த படத்தையும் 100 சதவீதத்தில் திறக்கிறோம். போடாத படம் கூர்மையாக இருக்கிறது. போட்டது கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது. உடனே தீர்ப்பு. ஆனால் முதல் படத்தில் பறவை சின்னது, இரண்டாவதில் பெரியது. இரண்டும் ஒரே அளவில் இல்லாதபோது எதை எதோடு ஒப்பிடுகிறோம்? நாலு மாடி ஏறிய ஆளுக்கு மூச்சு வாங்குகிறது என்று, கீழேயே நின்றவனைக் கெட்டிக்காரன் என்கிற கதை.

டெலிகன்வெர்டரின் உண்மையான போட்டியாளி வெறும் லென்ஸ் அல்ல. கிராப். அதே இடத்தில் நின்று, அதே பறவையை வெறும் லென்ஸில் எடுத்து, கணினியில் வெட்டிப் பெரிதாக்கினால் கிடைப்பதைவிட டெலிகன்வெர்டர் கூடுதலாக ஏதாவது காட்டுகிறதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாத சோதனை எத்தனை வரைபடம் போட்டாலும் எனக்குப் பயனில்லை. ஆய்வகத்தில் சோதனை அட்டை சட்டம் நிறையும்படி கேமராவைப் பின்னால் நகர்த்தி எடுக்கிறார்களே, அது வேறு கேள்விக்கான பதில். ஒரு பிக்சலுக்கு எவ்வளவு கூர்மை என்று அது சொல்லும். முகத்துவாரத்தில் நாம் பின்னால் நகர முடியாது. முன்னால் போனால் சேறு.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்த்தால், டெலிகன்வெர்டர் ஒருவருக்கு உதவி இன்னொருவருக்கு ஏன் உதவவில்லை என்பது விளங்கும். காசிமேட்டில் மீன் ஏலக்கூடத்துக்கு மேலே வட்டமிடும் செம்பருந்து சுமார் அரை மீட்டர் நீளம். 50 மீட்டர் தூரத்தில் அது பறந்தால், 400 மி.மீ. லென்ஸ் சென்சாரில் 4 மி.மீ. பருந்தை வரையும். 24 மெகாபிக்சல் முழுச்சட்ட (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில் ஒரு பிக்சல் சுமார் 6 மைக்ரான். ஆக அந்தப் பருந்து 670 பிக்சல் நீளம். 1.4 போட்டால் 930 பிக்சல். அதே 24 மெகாபிக்சல் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் இருந்தால், ஒரு பிக்சல் சுமார் 3.9 மைக்ரான்தான். டெலிகன்வெர்டர் இல்லாமலே பருந்து ஆயிரம் பிக்சலைத் தாண்டிவிடும்.

இன்னொரு பக்கம் ஒளியின் சுபாவம். எந்தக் கச்சிதமான லென்ஸும் ஒரு புள்ளியைப் புள்ளியாக வரையாது, சின்ன வட்டமாகத்தான் வரையும். பச்சை ஒளிக்கு அந்த வட்டம் எஃப்/5.6ல் சுமார் 7.5 மைக்ரான், எஃப்/8ல் 10.7, எஃப்/11ல் ஏறக்குறைய 15. ‘எஃப்/8 ஆகிவிட்டதே, ஒளி இப்படி விரியும் டிஃப்ராக்ஷன் கூடிப் படம் கெட்டுவிடும்’ என்று பலர் பயப்படுவது இதனால்தான். அந்தப் பயம் பாதிதான் சரி. வட்டம் 1.4 மடங்கு பெரிதாகும்போது பறவையும் அதே 1.4 மடங்கு பெரிதாகிறது. ஒளி நுழையும் வாய் மாறவில்லை: 400ஐ 5.6ஆல் வகுத்தாலும் 560ஐ 8ஆல் வகுத்தாலும் 70 மி.மீ. சொச்சம்தான் வரும். டிஃப்ராக்ஷனால் பறவையின் இறகில் விழும் மங்கல் முன்பு எவ்வளவோ இப்போதும் அவ்வளவே.

அப்படியானால் லாபம் எங்கே? 6 மைக்ரான் பிக்சலில். எஃப்/5.6ல் நல்ல லென்ஸ் தரும் நுணுக்கத்தை அவ்வளவு பெரிய பிக்சலால் முழுதாக வாங்கிக்கொள்ள முடியாது. வலையின் கண் பெரிது, சின்ன மீன் நழுவிவிடும். டெலிகன்வெர்டர் பிம்பத்தைப் பெரிதாக்குவதால் நழுவியது மாட்டுகிறது. 3.9 மைக்ரான் பிக்சலில் வலை ஏற்கெனவே நெருக்கம். அதில் 1.4 போட்டால் லாபம் குறைவு. 2 மடங்கு போட்டு எஃப்/11க்குப் போனால், ஒளியின் ஒரு வட்டம் கிட்டத்தட்ட நான்கு பிக்சல் அகலத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். பிறகு பெரிதாவது வெற்றிடம்தான்.

இதெல்லாம் லென்ஸ் கச்சிதமாக இருந்தால் நடப்பது. உங்கள் கையில் இருப்பது அப்படியா என்று சோதித்தால்தான் தெரியும்.

நான் சோதிப்பது தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில். எதிர்ச்சாரி வீட்டு மாடிச் சுவர் அங்கிருந்து சுமார் 20 மீட்டர். அந்தச் சுவரில் அவர்களிடம் கேட்டுவிட்டு நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தை நான்கு மூலையும் இழுத்து ஒட்டுவேன். முதல் தடவை ஒட்டியபோது அந்த வீட்டு அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, “இன்னாப்பா, எங்க ஊட்டு சுவத்துல பேப்பர ஒட்டிட்டு உங்க ஊட்லேர்ந்து படிக்கிற? கண்ணு தெர்லன்னா கிட்ட வந்து படிக்கிறதுதானே” என்றார். என்னிடம் பதில் இல்லை.

வரி விளம்பரம் ஏன்? பொடி எழுத்து. அதிலும் தமிழ் எழுத்தில் ஒரு வசதி இருக்கிறது: மெய்யெழுத்தின் புள்ளி. 400 மி.மீ. லென்ஸ், 6 மைக்ரான் பிக்சல், 20 மீட்டர் தூரம் என்றால், ஒரு பிக்சல் சுவரில் 0.3 மி.மீ. இடத்தைப் பார்க்கிறது. நாளிதழின் பொடி எழுத்துப் புள்ளி அரை மி.மீட்டருக்குப் பக்கம். வெறும் லென்ஸில் அது தெரிந்தும் தெரியாமலும் இழுபறியில் இருக்கும். 1.4 போட்டால் பிக்சல் 0.21 மி.மீட்டரைப் பார்க்கும், புள்ளி இருப்பதும் இல்லாததும் தெளிவாகப் பிரிய வேண்டும். ‘கடன்’ என்ற சொல் ‘கடன’ என்று தெரிந்தால் டெலிகன்வெர்டர் தோற்றது. தமிழ் படிக்கிற யாரும், கேமராவைத் தொட்டே பார்க்காதவர்கூட, தீர்ப்பு சொல்லலாம். படத்தின் பெயரை மறைத்துவிட்டு வீட்டில் அக்காவிடம் காட்டி ‘எதில் படிக்க முடிகிறது’ என்று கேட்பேன். டெலிகன்வெர்டருக்குக் காசு கொடுத்தவனே நீதிபதியாக உட்காரக் கூடாது.

எண்ணாகச் சொல்ல வேண்டுமானால் அமெரிக்க விமானப்படையின் 1951 சோதனை அட்டை இருக்கிறது. மூன்று மூன்று கோடுகளாக, படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும். ஆறு படி இறங்கினால் கோடு சரிபாதியாகச் சிறுக்கும். அதாவது ஒவ்வொரு படியும் சுமார் 1.12 மடங்கு. டெலிகன்வெர்டர் சோதனைக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. மூன்று படி என்பது சரியாக 1.41 மடங்கு. கச்சிதமான 1.4 டெலிகன்வெர்டர், வெறும் லென்ஸ் பிரித்துக் காட்டிய கடைசிப் படியிலிருந்து இன்னும் மூன்று படி கீழே இறங்க வேண்டும். இரண்டு மடங்கு என்றால் ஆறு படி. இரண்டு படி இறங்கினால் உண்மையில் 1.26 மடங்கு கிடைத்திருக்கிறது. ஒரு படியும் இறங்கவில்லை என்றால், காசைக் கொடுத்து ஒரு ஸ்டாப் வெளிச்சத்தை இழந்திருக்கிறோம். என் 1.4, ஜூமின் 400 முனையில், முழுத் திறப்பில், இரண்டு படி இறங்கியது. கையில் இருக்கும் லென்ஸுக்கு அது மோசமில்லை என்பது என் கணிப்பு.

எடுக்கும் முறையில் கறாராக இருக்க வேண்டியவை சில உண்டு. கனமான ட்ரைபாட். ரிமோட், இல்லையென்றால் இரண்டு விநாடி டைமர். உள்ளே கண்ணாடி தூக்கும் பழைய கேமராவானால் (டிஎஸ்எல்ஆர்) கண்ணாடியை முதலில் தூக்கி வைத்துவிட்டுப் பிறகு ஷட்டர். ட்ரைபாடில் லென்ஸின் நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுவது நல்லது; பழைய லென்ஸ்கள் சில, நடுக்கமே இல்லாதபோது தாங்களாக நடுங்கும். முன்னால் மலிவான யூவி ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். நீள லென்ஸில் அது செய்யும் அநியாயத்துக்கு டெலிகன்வெர்டர் பழி சுமப்பதைப் பார்த்திருக்கிறேன். படம், கேமரா கைவைக்காத ரா கோப்பாக இருக்கட்டும்.

ஃபோகஸ்தான் பெரிய பொறி. ஆட்டோஃபோகஸில் ஒரே ஒரு படம் எடுத்து முடிவுக்கு வரக்கூடாது. நேரலைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்து, கலைத்து, மறுபடி செய்து, நாலைந்து எடுத்து, அதில் சிறந்ததை மட்டும் கண்ணாடியின் தரத்துக்குச் சாட்சியாக வைக்க வேண்டும். பிறகு தனியாக ஆட்டோஃபோகஸில் பத்து எடுத்து, அவை அந்தச் சிறந்த படத்தை எத்தனை தடவை எட்டுகின்றன என்று பார்க்க வேண்டும். இரண்டும் இரண்டு வழக்குகள். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள், லென்ஸுக்குச் செய்த ஃபோகஸ் திருத்தம் டெலிகன்வெர்டர் போட்ட கூட்டணிக்குப் பொருந்தாது என்பதை மறந்துவிடுகிறார்கள். தனியாகத் திருத்தி வைக்க வேண்டும்.

திறப்பை மாற்றியும் எடுக்க வேண்டும். 1.4 போட்டு எஃப்/8, அடுத்து எஃப்/11. பல ஜூம்கள் முழுத் திறப்பிலிருந்து கொஞ்சம் மூடினால் தெளிகிறவை. டெலிகன்வெர்டர் அந்த வித்தியாசத்தைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டும். ஓரங்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. பறவை நடுவில்தான் இருக்கும். ஓரத்தில் இருப்பது வானமோ தண்ணீரோ. ஆனால் இடது ஓரம் நன்றாக இருந்து வலது ஓரம் மட்டும் கலைந்திருந்தால் அது வேறு விஷயம். எங்கோ கண்ணாடி சாய்ந்திருக்கிறது, இல்லை லென்ஸ் மாட்டும் மவுண்ட் ஆடுகிறது.

ஜூம் என்பதால் இன்னொரு சோதனை உண்டு, யாரும் செய்வதில்லை. நீள முனையில் பலவீனமான ஜூமை எடுத்துக்கொள்ளுங்கள். 285க்குப் பக்கத்தில் வைத்து 1.4 போட்டால் அதுவும் 400 மி.மீ. பார்வைதான். வெறும் 400க்கும் இந்த 400க்கும் எது தெளிவு? பெரும்பாலும் வெறும் 400தான் ஜெயிக்கும். ஜெயிக்காவிட்டால் உங்கள் ஜூமின் நீள முனையில் ஏதோ சரியில்லை என்று பொருள், டெலிகன்வெர்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாங்கும் முன் பொருந்துகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பல டெலிகன்வெர்டர்களின் முன்கண்ணாடி லென்ஸுக்குள் நீட்டிக்கொண்டு போகும். கேனன் ஆர்எஃப் 100-500ல் அந்த நிறுவனத்தின் சொந்த டெலிகன்வெர்டரைப் போட்டாலே 300க்குக் கீழே ஜூம் இறங்காது. பையில் மடக்கி வைக்கவும் முடியாது. மாறாக, 2013ல் வந்த கேனன் 200-400, 2018ல் வந்த நிக்கான் 180-400 இரண்டிலும் 1.4 டெலிகன்வெர்டர் உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. அந்த லென்ஸுக்கென்றே கணக்குப் போட்டு வடித்த கண்ணாடி. விலையும் அதற்கென்றே போட்டதுதான்.

இப்போது காற்று. வட சென்னையில் டெலிகன்வெர்டர்களுக்குக் கிடைத்த கெட்ட பெயரில் பெரும்பங்கு இதற்குச் சேர வேண்டும்.

வெப்பத்துக்கேற்பக் காற்றின் அடர்த்தி மாறுகிறது. அடர்த்தி மாறினால் ஒளி வளையும் அளவும் மாறுகிறது. சூடான தரையிலிருந்து எழும் காற்றுத் திரள் ஒவ்வொன்றும் அசைந்துகொண்டே இருக்கும் ஒரு மோசமான லென்ஸ். எண்ணூர் நெடுஞ்சாலையோரம் கொட்டிய கருங்கற்கள், தூண்டில் வளைவு, துறைமுகத்துக் கான்கிரீட், தகரக் கூரை எல்லாம் வெயில் ஏறினால் அடுப்புதான். அந்த அடுப்புக்கு மேலே அரைக் கிலோமீட்டர் எட்டிப் பார்த்து எடுக்கும் படத்தில், முன்னால் இருக்கும் கண்ணாடியின் விலை எதையும் மாற்றாது. நீளம் கூடக் கூட இந்த ஆட்டமும் சேர்ந்தே பெரிதாகும்.

காசிமேட்டு நண்பன் ஒருவன் தன் டெலிகன்வெர்டரை மே மாதம் காலை பதினொரு மணிக்குச் சோதித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும், பதிவெண் பெரிதாக எழுதியிருக்கும், அசையாத இலக்கு என்று நினைத்தான். “ண்ணா, ஒரு எழுத்தும் நிக்கலண்ணா. எல்லாம் அழுவுது. ஏமாத்திட்டான் கடக்காரன்.” எத்தனை படம் எடுத்தாய் என்று கேட்டேன். தொடர்ச்சியாகப் பன்னிரண்டு. எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தோம். ஒன்றில் முதல் எழுத்து நெளிந்திருந்தது, அடுத்ததில் கடைசி எழுத்து. ஒரே ஒரு படத்தில் பாதி எண் கத்தி மாதிரி இருந்தது. கண்ணாடியின் குறை எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி இருக்கும். படத்துக்குப் படம் இடம் மாறாது. மாறினால் காற்று. படகு கட்டிக் கிடந்தாலும் தண்ணீர் அதைத் தாலாட்டிக்கொண்டுதான் இருக்கும் என்பது தனி.

ஆகவே சோதனை சூரியன் ஏறுவதற்கு முன், கிட்டத்தில். எங்கள் மாடித் தளமே எட்டு மணிக்கு மேல் சுடத் தொடங்கிவிடும். ஆறரைக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடித்துவிடுவேன். பகல் ஏறினால் கடல்காற்றும் வந்து ட்ரைபாடை உலுக்கும். ஏசி அறையில் இருந்த லென்ஸை நேராக மாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் கண்ணாடி வேர்த்துவிடும், அரை மணி நேரமாவது பைக்குள்ளேயே வைத்து வெளிச்சூட்டுக்குப் பழக்க வேண்டும். காசிமேட்டுப் பக்கம் புழங்கும் லென்ஸின் முன்கண்ணாடியில் உப்புப் படலம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கணினியில் ஒப்பிடும்போது, வெறும் லென்ஸ் படத்தை 1.4 மடங்கு பெரிதாக்கி இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைக்கவும். இரண்டுக்கும் அதற்கதற்குப் பொருத்தமான கூர்மையேற்றம் கொடுங்கள். டெலிகன்வெர்டர் படம் பொதுவாகக் கொஞ்சம் வெளிறி இருக்கும், அதற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது குற்றமல்ல. செயற்கை நுண்ணறிவு வைத்துப் பெரிதாக்கும் மென்பொருள்கள் இப்போது கிராப்பின் பக்கம் வலுவாக நிற்கின்றன. இறகில் அவை செய்யும் வேலையைப் பார்த்து மயங்கிவிடலாம். அதனால்தான் எழுத்தை வைத்துச் சோதிக்கிறேன்: இல்லாத இறகிழையை ஊகித்து வரைந்தால் யாருக்கும் தெரியாது, இல்லாத புள்ளியை வைத்தால் வார்த்தையே மாறிவிடும். கறையா நிழலா என்று கேட்கும் படத்தில் ஊகத்துக்கு இடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

மாடியில் ஜெயித்த டெலிகன்வெர்டர் களத்தில் தோற்கலாம். ட்ரைபாடில், ஒளியுணர்வைச் சொல்லும் ஐஎஸ்ஓ 100ல், நிற்கிற காகிதத்தை எடுத்தோம். பறக்கிற செம்பருந்துக்கு 1/2000 விநாடி வேண்டும். போன ஒரு ஸ்டாப்பை ஐஎஸ்ஓவில்தான் ஈடுகட்ட வேண்டும். 800ல் எடுத்தது 1600 ஆகும், படத்தில் பொரிப்பொரியாக இரைச்சல் கூடும். விடிகாலை வெளிச்சத்தில் அந்த இரைச்சல், இரண்டு படி லாபத்தில் ஒன்றைத் தின்றுவிடும். ஷட்டரைக் குறைத்தால் நடுக்கம் தின்னும். ஆட்டோஃபோகஸும் தடுமாறும்: டிஎஸ்எல்ஆர்களில் பல எஃப்/5.6 வரைக்குமே வடிவமைக்கப்பட்டவை. எஃப்/8ல் நடுப்புள்ளி மட்டும் வேலை செய்தால் அதிர்ஷ்டம். அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் வந்தபின் இந்தத் தொல்லை நிறையக் குறைந்துவிட்டது. கேனன் ஆர்5 போன்ற கேமரா எஃப்/22 வரை ஃபோகஸ் செய்கிறது. ஆனால் ஃபோகஸ் ஆவதும், அலைமேல் தாழப் பறக்கும் ஆலாவை விடாமல் துரத்துவதும் ஒன்றல்ல.

எஃப்/5.6, எஃப்/6.3 ஜூம்களில் 2 மடங்கு டெலிகன்வெர்டரை நான் சிபாரிசு செய்வதில்லை. சோனி 200-600ல் போட்டால் 1200 மி.மீ. என்று எண் பெரிதாக இருக்கும், திறப்பு எஃப்/13. குளிர்காலக் காலையில், அசையாமல் நிற்கும் பறவை, பெரிய பிக்சல் கேமரா என்று எல்லாம் கூடிவந்தால் உதவலாம். அதே லென்ஸில் 1.4 போட்டு எஃப்/9ல் 840 மி.மீ. என்பது எனக்கு நம்பத்தகுந்த எல்லை.

இன்னொன்று, மாட்டுவது எங்கே என்பது. எண்ணூர்ப் பக்கம் காற்றில் நிலக்கரித் தூளும் சாம்பலும் கடல் உப்பும் கலந்திருக்கும். டெலிகன்வெர்டரைக் களத்தில் மாட்டிக் கழற்றினால் சென்சார் ஒரு தடவைக்கு இரண்டு தடவை அந்தக் காற்றைச் சுவாசிக்கும். அதன் பின்கண்ணாடி சென்சாருக்குக் கிட்டே இருப்பதால் அங்கே ஒட்டும் தூசியும் படத்தை லேசாகக் கெடுக்கும். முகத்துவாரத்துக்குக் கிளம்புகிற அன்று வீட்டிலேயே, மின்விசிறியை நிறுத்திவிட்டு மாட்டிக்கொண்டு போகிறேன். திரும்பி வந்துதான் கழற்றுகிறேன். நடுவில் பக்கத்துக் கல்லில் கொக்கு வந்து உட்கார்ந்து, 560ல் அதன் தலை மட்டும் சட்டத்துக்குள் வந்தாலும் பரவாயில்லை.